பேர் போட்டால் மட்டும் போதுமா?



இம்முறை தெல்லிப்பழையிலிருந்து எழுதுகிறோம். மலையிலிருந்து கண்டிக்கு வந்து, ஏ9 வீதியில் இரவெல்லாம் பஸ்ஸில் இருந்து, விடியற்காலை யாழ்ப்பாணத்தில் இறங்கி, காங்கேசன்துறை வீதியில் மறுபடி பஸ் ஏறி இங்கே சேர்ந்தோம். மாதர் அணித் தலைவி, தோட்டக் கமிட்டித் தலைவர், தோட்டப் பள்ளி டீச்சர் என்று மூன்று பேர் வந்தோம். சம்பளப் பேச்சுக்கோ மாநாட்டுக்கோ அல்ல, நம் சங்கத்தின் அங்கத்தவர் ஒருவரைப் பார்க்க வந்தோம். அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் வந்தோம்.

அவர் பெயரை எழுத மாட்டோம். நம் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். மூத்த பையன் மூன்றாம் வகுப்பில் எங்களிடம் படிக்கிறான். இரண்டாவது பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, பிள்ளைக்கு எடுத்துப்போன துணிகளை அப்படியே பையில் மடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். பிள்ளையை ஆண்கள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். தாய்க்கு முகத்தைக் காட்டவில்லை. காட்டினால் மனசு கெட்டுப்போகும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். வீடு வந்த அடுத்த நாள் பால் சுரந்தது. பிள்ளை இல்லை என்பது மார்புக்குத் தெரியாது. மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நாள் அவர் பெரட்டில் நின்றார். சட்டப்படி அவருக்கு ஆறு வாரம் இருந்தது. ஆனால் பிரசவக் காசு கைக்கு வரவில்லை, வேனுக்குக் கொடுத்த கடன் இருந்தது. கங்காணி கெட்ட மனிதர் அல்ல. "வீட்டில் கிடந்தால் நினைப்புத்தான் வரும், மலைக்கு வந்தால் மறந்துபோகும்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள், "அடுத்த வருஷம் இன்னொண்ணு பிறக்கும்" என்றார்கள். அதுவும் நல்ல மனதோடுதான்.

நிறுவையில் அவர் கொழுந்து குறைந்தது. அரைப் பேர் விழுந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் மற்றத் தாய்மார் பால் கொடுக்கப் பிள்ளைக் காம்பராவுக்குப் போகும்போது இவரும் பின்னால் போய் வாசலில் நிற்பார். மூன்றாம் மாதம் பேச்சு நின்றது. சோறு ஒரு பிடிதான். இரவில் பிள்ளை அழுகிறது என்று எழுந்து உட்காருவார். காற்றுக் கறுப்பு என்று கழிப்புக் கழித்தார்கள். அதற்கும் கடன்தான்.

இந்த மூன்று மாதமும் நம் சங்கம் என்ன செய்தது? ஒரு கடிதம் எழுதியது. அரைப் பேர் போட்டது பற்றியும் வராத நாள் பற்றியும் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம். அந்தக் கடிதத்தின் பிரதி இப்போதும் கமிட்டி பைலில் இருக்கிறது. இங்கே வருமுன் எடுத்துப் படித்தோம். திகதி சரி, செக்ரோல் இலக்கம் சரி, சட்டம் சரி. அதில் பிள்ளை என்ற சொல்லே இல்லை.

கடைசியில் அவருடைய அக்காதான் வந்து கூட்டிப்போனார். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் தெல்லிப்பழை. இங்குள்ள ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். மருந்து உண்டு, அதைவிடப் பேச்சு உண்டு. தமிழிலேயே, அவசரமில்லாமல். ஐந்து மாதமாகிறது. இப்போது சாப்பிடுகிறார், தூங்குகிறார், அக்காவின் வெங்காயத் தோட்டத்தில் அவ்வப்போது கை கொடுக்கிறார். எங்களைக் கண்டதும் முதலில் மகனைப் பற்றிக் கேட்டார். பிறகு சொன்னார்:

"டீச்சர், அங்க எல்லாரும் எத்தனை பேர் விழுந்துச்சுன்னுதான் கேட்டாங்க. இங்கதான், பிள்ளைக்கு என்ன பேர் வைக்க இருந்தீங்கன்னு கேட்டாங்க."

மூன்று பேரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம். அந்தப் பேரை அவர் எங்களிடமும் சொன்னார்.

தோழர்களே, ஒரு தாய் லயத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்துதான் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டுமா?

தெல்லிப்பழை ஒன்றும் சொர்க்கமல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். இருபது வருஷத்துக்கு மேல் தங்கள் மண்ணைப் பார்க்காதவர்கள் பலர். வீட்டை, தொழிலை, பிள்ளையை இழந்தவர்கள் இல்லாத தெரு இங்கே இல்லை. இப்படிப்பட்ட இடத்தில்தான் யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இத்தனை பேருக்கு டாக்டர் மட்டும் போதாது, அதனால் கிராம மட்ட ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உளவளத்துணை பழக்க வேண்டும் என்பதே அது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைப் பல ஆண்டுகளாக எழுதியும் பயிற்றுவித்தும் வந்தார். ஒரு சமூகமே காயப்பட்டிருந்தால் அந்தச் சமூகத்துக்கே மருந்து போட வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் நிலையம் 1987 இலிருந்து இந்த வேலையைச் செய்து வருகிறது. சுனாமி வந்தபோது இந்தப் பழக்கம் கைகொடுத்தது.

மலையகத்துக்கு ஏன் இது வரவில்லை? குண்டு விழுந்த இடத்துத் துயரம் உலகத்துக்குத் தெரிந்தது. கடல் வந்த இடத்துத் துயரம் தெரிந்தது. 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது சில நாள் நம் துயரமும் தெரிந்தது. ஆனால் ஒரு லயக் காம்பராவில் ஒரு தாய் ஒரு பிள்ளையை இழந்தால் அது செய்தியல்ல. அது அந்த வீட்டு விஷயம். இப்படி ஒவ்வொரு வீட்டு விஷயமாகப் போய்ப் போய், இருநூறு வருஷமாக நம் தாய்மாரின் துக்கத்துக்குக் கணக்கே இல்லாமல் போனது. கொழுந்துக்கு இருந்த கணக்கு இதற்கு இருக்கவில்லை.

"சட்டம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, பிள்ளை உயிரோடு பிறந்தால் 12 வாரம், உயிரோடு பிறக்காவிட்டால் 6 வாரம். மூன்றாவது பிள்ளையிலிருந்து லீவைக் குறைக்கும் பாகுபாட்டை 2018 இல் வந்த திருத்தம் நீக்கியது. இவை சும்மா வந்த உரிமைகள் அல்ல. ஆனால் அந்த ஆறு வாரம் உடம்புக்குக் கொடுத்தது. மனதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அந்த ஆறு வாரத்தைக் கூட, காசு நேரத்துக்கு வராததால், கடனுக்குப் பயந்து நம் பெண்கள் பாதியில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு வருகிறார்கள். வருகிறவரைத் திருப்பி அனுப்ப ஆள் இல்லை, பேர் போட ஆள் இருக்கிறது.

மனநோய்க்கு இந்த நாட்டில் இருக்கும் சட்டமோ 1873 இல் வெள்ளைக்காரன் போட்டது. அப்போது இந்த மலைகளில் தேயிலையே இல்லை என்று சொல்லலாம், கோப்பிதான். பைத்தியம் என்று பிடித்து அடைப்பதற்கான சட்டம் அது. அதனால்தான் "அங்கொடைக்கு அனுப்பணும்" என்பது இன்றும் நமக்கு ஒரு வசையாக இருக்கிறது. 2005 இல் வந்த தேசிய உளநலக் கொள்கை, மாவட்டம் தோறும், மக்களுக்குப் பக்கத்தில், சேவை வரும் என்றது. மக்களுக்குப் பக்கம் என்றால் லயத்துக்கும் பக்கம்தானே? நாம் கேட்காமல் அது ஒருநாளும் மலை ஏறாது.

மற்ற நாடுகளைப் பாருங்கள். இந்தியாவில் 1961 ஆம் ஆண்டுச் சட்டமே கருச்சிதைவுக்குச் சம்பளத்தோடு ஆறு வாரம் தருகிறது. பிள்ளை இறந்து பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ, மத்திய அரசின் பெண் ஊழியருக்கு 60 நாள் சிறப்பு லீவு என்று 2022 செப்டெம்பரில் உத்தரவு போட்டார்கள். பிரித்தானியாவில் 2020 இலிருந்து, பிள்ளையை இழந்த தகப்பனுக்கும் இரண்டு வாரம் உண்டு. உலகத்தில் 16 விநாடிக்கு ஒரு பிள்ளை இறந்து பிறக்கிறது என்று ஐக்கிய நாடுகள் சபை 2020 இல் கணக்குச் சொன்னது. ஆகவே இது ஒரு வீட்டு விஷயமும் அல்ல, ஒருத்தியின் தலைவிதியும் அல்ல.

இனி நம்மவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு வருவோம்.

"சம்பளமே பிரச்சினை, இதற்கிடையில் இதுவா?" என்று கமிட்டியிலேயே கேட்டார்கள். ஆயிரம் ரூபாவுக்காக எத்தனை வருஷம் வீதியில் நின்றோம்! 2021 மார்ச்சில் வர்த்தமானி வரும்வரை விடவில்லை. அந்தப் போராட்டத்தில் முன்வரிசையில் நின்றவர்கள் யார்? கூடை சுமக்கும் பெண்கள். அவர்கள் சந்தா வேண்டும், ஊர்வலத்துக்கு அவர்கள் கால் வேண்டும், அவர்கள் துக்கம் மட்டும் நமக்கு வேண்டாமா? இதுவும் சம்பளப் பிரச்சினைதான். 2016 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபாவில் 60 ரூபா வரவுக் கொடுப்பனவாக இருந்ததை மறந்துவிட்டோமா? வரவைக் கூலியோடு கட்டிவிட்டால், துக்கத்தில் இருப்பவளும் நோயில் இருப்பவளும்தான் முதலில் இழப்பார்கள். வரவுக்குக் காசு என்று எப்போது பேச்சு வந்தாலும், பிள்ளையை இழந்தவளின் நாட்கள் அதில் வெட்டப்படக் கூடாது என்று நாம் சொல்லியே ஆக வேண்டும்.

"நம் பாட்டிமார் பத்துப் பெற்று ஐந்தைப் புதைத்தார்கள். அவர்கள் என்ன கவுன்சிலிங்குக்கா போனார்கள்?" என்பது இன்னொரு கேள்வி. பாட்டிமாரிடம் யாராவது உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? எண்பது வயதிலும் எந்தப் பிள்ளை எந்த மாதம் போனது என்று சொல்வார்கள். அவர்கள் மறக்கவில்லை, சொல்ல இடமில்லாமல் இருந்தார்கள். பெரியவர் இறந்தால் லயமே கூடி ஒப்பாரி வைக்கும், எட்டும் பதினாறும் செய்யும். பச்சைப் பிள்ளைக்கு எதுவும் இல்லை. அழவும் முறையில்லை. அவர்கள் தாங்கினார்கள் என்பதற்காக இவளும் தாங்கத்தான் வேண்டும் என்றால், அவர்கள் செருப்பில்லாமல் மலை ஏறியதையும் அரைக் கூலி வாங்கியதையும் ஏன் மாற்றினோம்?

நிர்வாகம், "அதற்கெல்லாம் பணமில்லை" என்னும். பெரிய கட்டடம் கேட்கவில்லை. மிட்வைஃப் இருக்கிறார். டிஸ்பென்சரி இருக்கிறது. வாகனம் இருக்கிறது. அரசாங்கத்தின் சுகாதார வைத்திய அதிகாரி இருக்கிறார். பிள்ளை பெற்றவளின் மனநிலையை அறிய 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாக்கொத்து 1987 இலிருந்து உலகமெங்கும் பாவனையில் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. ஆனால் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நிறை பார்க்க, ஊசி போட என்று ஆள் வரும். பிள்ளை இல்லாத வீட்டுக்கு வர ஒரு காரணம் நம் தோட்டத்தில் யாருக்கும் இருக்கவில்லை. நாம் கேட்பது அந்த வீட்டுக்கும் ஒரு ஆள் வர வேண்டும் என்பதுதான்.

பிள்ளை சாகாமலே பிரிந்த தாய்மாரையும் இதோடு சேர்த்துத்தான் பேசுகிறோம். 1980களில் இந்த நாட்டிலிருந்து சுமார் 11,000 பிள்ளைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதை 2017 இல் ஒரு நெதர்லாந்துத் தொலைக்காட்சி வெளிக்கொண்டு வந்தது. பொய்ப் பத்திரங்களும் காசும் புழங்கின என்று தெரிந்தது. 2021 இல் அந்நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தாயைத் தேடி வருகிறார்கள். தாய்மாரோ வாய் திறக்காமல் கிழவிகளாகிவிட்டார்கள். இன்று நம் பெண்கள் கைப்பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அரபு நாட்டுக்குப் போகிறார்கள். 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, சின்னப் பிள்ளை உள்ள தாய் போகக் கூடாது என்றார்கள். போகத் தேவையில்லாத கூலியைக் கொடுக்க ஒருவரும் அறிக்கை கேட்கவில்லை. போனவளின் மனதை விசாரிக்கவும் படிவம் இல்லை.

இப்போது வீட்டில் இருக்கும் நமக்குச் சில வார்த்தைகள்.

துக்கம் நோயல்ல. அழுவதும், பிள்ளையைப் பற்றியே பேசுவதும், மற்றப் பிள்ளைகளைப் பார்க்க முடியாமல் இருப்பதும் இயல்பு. அதற்கு மருந்து கூட இருப்பதுதான். "அடுத்தது பிறக்கும்" என்று சொல்லாதீர்கள். "நீ சுமை தூக்கினதாலதான்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அவள் பார்க்க விரும்பினால் பிள்ளையின் முகத்தைக் காட்டுங்கள். விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். எங்கே புதைத்தீர்கள் என்று அவளுக்குத் தெரியட்டும். பால் கட்டினால் மிட்வைஃபிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள், அதற்கு வழி உண்டு. புருஷனையும் கவனியுங்கள். ஆம்பிளை அழக் கூடாது என்று சொல்லித்தான் பலரைத் தவறணைக்கு அனுப்புகிறோம். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் அதற்கும் உண்மையைச் சொல்லுங்கள். இந்தத் தாயின் மகன் வகுப்பில் "என் குடும்பம்" என்று எழுதச் சொன்னபோது, "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, ஆஸ்பத்திரியில விட்டுட்டாங்க" என்று எழுதினான். அந்தக் கொப்பிக்கும் நாங்கள் சரி போட்டுத் திருப்பிக் கொடுத்தோம், அது எங்கள் பிழை.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லாவிட்டால், எல்லாம் தன் குற்றம் என்றே சொல்லிக்கொண்டிருந்தால், எதிலும் பற்றில்லாமல் கிடந்தால், டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். சாக வேண்டும் என்று ஒரு தடவை சொன்னாலும் அன்றே போக வேண்டும், தனியே விடக் கூடாது. பிரசவித்த சில நாட்களில் இல்லாத சத்தம் கேட்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, ஆட்களைச் சந்தேகப்படுவது போன்றவை வந்தால் அது பேயல்ல. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், குணமாகும் நோய். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூசாரியிடம் போவதைத் தடுக்கவில்லை, டாக்டரிடம் போய்விட்டுப் போங்கள் என்கிறோம். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் தமிழிலும் பேசலாம்.

சங்கம் கேட்க வேண்டியவை இவை:

1. பிள்ளை உயிரோடு பிறக்காத தாய்க்கும் ஆறு வார நன்மை முழுதும் நேரத்துக்குக் கொடுக்கப்பட வேண்டும். அதற்கு முன் பெரட்டுக்கு வந்தால் பேர் போடாமல் காசு கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

2. பிள்ளையை இழந்த வீட்டுக்கும் மிட்வைஃப் வர வேண்டும். அந்த 10 கேள்விகளையும் அவளிடம் கேட்க வேண்டும்.

3. உளநல கிளினிக் நாளில் தோட்டத்து வாகனமும், அன்றைக்கு முழுப் பேரும் வேண்டும்.

4. மாவட்ட வைத்தியசாலை உளநலப் பிரிவுகளில் தமிழில் பேசும் உளவளத்துணையாளர் வேண்டும். மொழிபெயர்க்க மாமியாரையும் மகனையும் நிறுத்தக் கூடாது.

5. திரும்பி வருபவளுக்கு முதல் மாதம் கிலோக் கணக்குப் பார்த்து அரைப் பேர் போடக் கூடாது. பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து மலையில் நிற்க அவள் விரும்பாவிட்டால் வேறு மலை கொடுக்க வேண்டும்.

6. இது நிர்வாகத்துக்கல்ல, நமக்கு. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் இரண்டு பெண்கள் இந்த வேலைக்குப் பயிற்சி பெற வேண்டும். வடக்கில் ஆசிரியர்களுக்கும் கிராம ஊழியர்களுக்கும் முடிந்தது நமக்கும் முடியும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். சம்பளத்துக்குப் பிறகு பார்ப்போம் என்று யாராவது சொன்னால், இந்தப் பத்திரிகையை அவர் கையில் கொடுங்கள்.

அடுத்த மாதம் அந்தத் தாய் மலைக்குத் திரும்பி வருகிறார். மகன் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். முதல் நாள் பெரட்டில் அவர் நிற்கும்போது எட்டு மாதம் எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்க வேண்டாம். பக்கத்தில் போய் நில்லுங்கள். கூடையை எடுத்துக் கொடுங்கள். பிள்ளையைப் பற்றி அவர் பேசினால் பேச்சை மாற்றாமல் கேளுங்கள். அதற்கு ஒரு பேர் உண்டு, அவரே சொல்லுவார்.